அறிவியல் மென்பொருளும் புதியவரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கணக்கீடுகளுக்கான ஒரு பைத்தான் நிரல்தொகுப்பைச் சிறு குழுவாகப் பராமரிக்கிறோம். இணையதளம் ரொம்பப் பழசு. பழகியவர்கள் குறை சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்கள் ஒன்றிரண்டு பக்கத்தோடு போய்விடுகிறார்கள். மாற்றி அமைப்பதை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: நிறத்தையும் லோகோவையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். துறை தெரிந்த, ஆனால் உங்கள் மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஐந்து பேரைப் பிடியுங்கள். ஒரு தரவுக் கோப்பைக் கொடுத்து, "இந்தத் தளத்தை மட்டும் பார்த்து நிறுவி, இதற்கு ஒரு வரைபடம் போடுங்கள்" என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். அதுவரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. எழுதியவருக்கு அதுதான் பெரிய சோதனை. எங்கே தயங்கினார், எதை அழுத்தினார், எந்தப் பக்கத்தில் வெறுத்துப்போய்த் தேடுபொறிக்குத் தாவினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து என்ற எண் 2000இல் பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எழுதிய கட்டுரையால் பரவியது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்காட்டுவார், ஐவர் சேர்ந்தால் ஏறத்தாழ 85 சதவீதம் என்பது அவர் கணக்கு. உங்களிடம் மாணவர்களும் ஆய்வாளர்களும் வருகிறார்கள் என்றால், தரப்புக்கு மூன்று நான்கு பேர் வையுங்கள். கண்டதைத் திருத்திவிட்டு, வேறு ஐவரை வைத்து மறுபடி பாருங்கள். பழைய ஐவர் இனி புதியவர்கள் அல்லர்.

கேள்வி: முகப்புப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: இது என்ன செய்யும், யாருக்கு என்று ஒரே வாக்கியம். ஐந்தாறு வரி நிரல், அருகிலேயே அது தரும் விடை அல்லது படம். 'நிறுவ', 'முதல் பாடம்' என இரண்டு பொத்தான்கள். மாநாட்டு அறிவிப்பு, நிதி தருவோரின் சின்னங்கள், புதிய பதிப்புச் செய்தி எல்லாம் கீழே போகட்டும். தானாக நகரும் படப்பட்டையை எடுத்துவிடுங்கள். படித்து முடிக்கும் முன்பே அடுத்த படம் வந்து நிற்கும்.

கேள்வி: நிறுவும் பக்கத்தில் ஆறு வழிகள் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் வரும் கேள்விகளில் பாதி நிறுவுவதைப் பற்றித்தான். ஏன்?

பதில்: ஆறு வழிகள் கொடுத்ததால்தான். பிப்பா காண்டாவா (இரண்டும் தொகுப்புகளை நிறுவும் கருவிகள்) என்று தேர்ந்தெடுக்கும் அறிவு புதியவருக்கு இன்னும் வரவில்லை. ஒரு வழியை நீங்களே தேர்ந்து மேலே வையுங்கள். மற்றவை 'பிற வழிகள்' என்று கீழே இருக்கட்டும். மூலநிரலிலிருந்து தொகுக்கும் குறிப்பு இந்தப் பக்கத்திலேயே வேண்டாம், பங்களிப்பவர்களுக்கான பக்கத்துக்கு அனுப்புங்கள்.

பிப் வழி என்றால் படிகள் மூன்று: தனிச்சூழல் (இந்த வேலைக்கென்று ஒதுக்கிய தனிப் பைத்தான் இடம்) உருவாக்குவது, அதை இயக்கத்துக்குக் கொண்டுவருவது, பிறகு நிறுவுவது. பல தளங்கள் மூன்றாவதை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடுகின்றன. டெபியன் 12 போன்ற லினக்ஸ்களில் அப்போது என்ன ஆகும்? கணினியின் சொந்தப் பைத்தானில் கைவைக்க பிப் மறுத்துவிடும். புதியவர் அந்தப் பிழைச் செய்தியை வலையில் தேடி, தடையை உடைக்கும் கட்டளைத் தெரிவைக் கண்டுபிடித்து அதைப் போட்டு நிறுவுவார். சேதம் பிறகு தெரியும்.

இரண்டாவது வகைக் கோளாறு இன்னும் குழப்பமானது. நிறுவியாயிற்று என்று திரை சொல்லும், நோட்புக்கோ (பிரவுசரில் நிரலை எழுதி ஓட்டும் பக்கம்) அப்படி ஒரு தொகுப்பே இல்லை என்று சாதிக்கும். கணினியில் இரண்டு பைத்தான்கள். பிப் ஒன்றில் போட்டது, நோட்புக் மற்றொன்றில் தேடுகிறது. அதனால் கட்டளையை மொட்டையாக 'பிப்' என்று தொடங்காமல், பைத்தானை அழைத்து '-எம்' மூலம் அதன் பிப்பை ஓட்டும் வடிவத்தில் (python -m pip) எழுதுங்கள். எந்தப் பைத்தான் என்ற ஐயத்துக்கு இடமிருக்காது.

சூழலை இயக்கும் கட்டளை விண்டோஸில் வேறு. அதற்குத் தனித் தாவல் வையுங்கள். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல் சில கணினிகளில் சூழலை இயக்கும் ஸ்கிரிப்டை ஓடவே விடாது. அதற்கான தீர்வை அங்கேயே, அந்த வரிக்குக் கீழேயே எழுதுங்கள். இறுதியில், பதிப்பு எண்ணை அச்சிடும் ஒரு வரியும், என்ன விடை வந்தால் எல்லாம் சரி என்பதும்.

சின்ன விஷயம், ஆனால் பலரும் சறுக்கும் இடம்: நிரல் வரிக்கு முன்னால் இருக்கும் '>>>' குறியும் '$' குறியும் நகலோடு சேர்ந்து போனால் பிழை வரும். ஆவணத் தளம் உருவாக்கும் கருவியான ஸ்பிங்ஸில் நகல் பொத்தான் நீட்சி போட்டால் மட்டும் போதாது. குறிகளை விட்டுவிடும்படி அமைப்புக் கோப்பிலும் சொல்ல வேண்டும்.

கேள்வி: பாடங்கள் நிறைய உண்டு. ஆனாலும் "விளக்கம் போதவில்லை" என்கிறார்களே?

பதில்: ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் திணித்திருப்பீர்கள். டானியேல் புரோசிடா வகுத்த 'டயாடாக்சிஸ்' முறை ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கைபிடித்து நடத்தும் பாடம், குறிப்பிட்ட வேலைக்கான செய்முறை, பார்த்துக்கொள்ள உதவும் விவரத் தொகுப்பு, ஏன் எதற்கு என்ற விளக்கம். பாடத்தில் 'இப்படியும் செய்யலாம்' என்ற பேச்சே கூடாது. எடுத்துக்காட்டில் சமவாய்ப்பு எண்கள் வந்தால் விதை எண்ணை (அந்த எண்வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை) நிலையாக வையுங்கள். இல்லாவிட்டால் படிப்பவர் திரையில் வேறு எண் வரும், தான்தான் எங்கோ தவறிவிட்டோம் என்று நினைப்பார். எல்லா எடுத்துக்காட்டுகளையும் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் தானாக ஓட்டிச் சரிபாருங்கள். அதற்கான 'டாக்டெஸ்ட்' கருவி பைத்தானோடே வருகிறது.

கேள்வி: நிறுவாமலே பிரவுசரில் ஓட்டிப் பார்க்கும் வசதி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். பையோடைடு என்ற கருவி பைத்தானை வெப்அசெம்பிளி (பிரவுசர் ஓட்டக்கூடிய நிரல் வடிவம்) வழியாகப் பிரவுசருக்குள்ளேயே ஓட்டுகிறது. நம்பை, சைபை என்ற கணக்கீட்டுத் தொகுப்புகளும் அதில் கிடைக்கின்றன. ஆனால் பல மெகாபைட் இறங்க வேண்டும். ஆகவே பக்கம் திறந்ததும் ஏற்றாதீர்கள், பொத்தானை அழுத்தினால் மட்டும் ஏற்றுங்கள். உங்கள் தொகுப்பில் சி, ஃபோர்ட்ரான் பகுதிகள் இருந்தால் அவற்றை வெப்அசெம்பிளிக்காகத் தனியே தொகுக்க வேண்டும். அது ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலையாக இராது.

கேள்வி: தளம் மாறினால் பழைய முகவரிகள் என்னாகும்? கூகுளும் இன்னும் பழைய பதிப்புப் பக்கங்களையே காட்டுகிறது.

பதில்: முதலில் பழைய முகவரிகளின் பட்டியலை எடுங்கள், பிறகு வடிவமைப்பு. ஆய்வுக் கட்டுரைகளில் அச்சாகிவிட்ட சுட்டியைத் திருத்த முடியாது. ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லும் குறியீடு) மூலம் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் வந்தவர் நட்டாற்றில் நிற்பார்.

தற்போதைய பதிப்புக்கு என்றும் மாறாத ஒரு முகவரி வையுங்கள். பழைய பதிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 'கெனானிக்கல்' குறிச்சொல்லால் (இதுவே முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) அதைச் சுட்டி, மேலே ஓர் எச்சரிக்கைப் பட்டையும் போடுங்கள். பழைய பக்கங்களை 'ரோபோட்ஸ்' கோப்பில் (தேடுபொறி எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுப்பதுதான் வழக்கமான தவறு. தடுத்துவிட்டால் தேடுபொறி பக்கத்துக்குள் வராது, நீங்கள் வைத்த குறிச்சொல்லையும் பார்க்காது.

கேள்வி: நிறத்தைத் தொடாதே என்றீர்களே, எப்போதுதான் தொடுவது?

பதில்: இனித் தொடலாம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு இருக்கட்டும். வெளிர் சாம்பல் குறிப்புரைகள் பெரும்பாலும் இதில் தோற்கும். பாடங்களில் உள்ள வரைபடங்களையும் பாருங்கள்: வானவில் நிறவரிசை நிறக்குருடு உள்ளவர்களைத் தவறாக வழிநடத்தும். வரைபடம் போடும் பைத்தான் தொகுப்பான மேட்பிளாட்லிப் 2017இல், தன் 2.0 பதிப்பிலேயே, இயல்பு நிறவரிசையை, நிறக்குருடு உள்ளவர்களும் பிரித்தறியக்கூடிய 'விரிடிஸ்' ஆக்கிவிட்டது.