அம்மப்பாவின் மொறிஸ் மைனரை மறுபடி ஓட வைக்க முடியுமா?

கேள்வி: அம்மப்பா விட்டுச் சென்ற 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் உப்புவெளியில் எங்கள் கொட்டிலுக்குள் பன்னிரண்டு வருடங்களாக நிற்கிறது. திருகோணமலையில் இதைத் திருத்தக்கூடிய கராஜ் இருக்கிறதா, இல்லை விற்றுவிடுவதா? தம்பி எஞ்சினின் வலுவைக் கூட்டிப் பந்தயத்துக்கு விடலாம் என்கிறான்.

பதில்:

விற்க வேண்டாம். அது ஓடும். எங்கள் வீட்டில் 1959ஆம் ஆண்டு மைனர் ஒன்று நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதில்தான் நிலாவெளிக்குப் போய்வந்தோம். ஆனால் கராஜ் எது என்று கேட்டால் கை காட்ட எனக்கு இடம் இல்லை. நாற்பது வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் மூன்று இடங்களைச் சொல்லியிருப்பேன். அந்த மூன்றையும் பற்றிச் சொல்லாமல் உங்கள் காரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே நின்று பார்த்ததுதான்.

முதலாவது, உள்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வேப்பமரத்தின் கீழ் இருந்த கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. கிடுகுக் கூரை, மணலில் வெட்டித் தென்னங்குற்றி அடுக்கிய ஒரு குழி, ரின்பால் பேணிகளில் அளவு அளவாகப் பிரித்து வைத்த நட்டுகள். அதை நடத்தியவரை ஊரில் எல்லோரும் ‘டொக்யார்ட் ஐயா’ என்றுதான் அழைத்தார்கள். பிரித்தானியர் 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும் வரை அவர் அங்கே பிற்றராக வேலை பார்த்தவர். கப்பல் எஞ்சினில் பழகிய கை. நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைக் கழற்றுவார். வால்வின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இருக்க வேண்டும். விரலால் ஆட்டிப் பார்த்தே 12 என்பார். பிறகு இடைவெளி அளக்கும் தகட்டை வைத்து எனக்குக் காட்டுவார். தகடு அவருக்காக அல்ல, பக்கத்தில் நின்ற சிறுவனுக்காக.

அவர்தான் எனக்கு மைனரின் கதையைச் சொன்னவர். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தது. வரும் முன்னரே மாதிரிக் கார் ஒடுங்கலாக இருக்கிறது என்று அதை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தாராம். உங்கள் காரின் பொனட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தட்டையான பட்டி ஓடுவதைப் பாருங்கள். அந்த நான்கு அங்குலம்தான் அது. எத்தனை கார்களைக் குழியின் மேல் ஏற்றியிருப்பார், ஆனாலும் மைனர் வந்தால் முதலில் அந்தப் பட்டியை ஒரு தரம் தடவிவிட்டுத்தான் பொனட்டைத் திறப்பார்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது மூதூரில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டோம். அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை. பாலம் 2009இல்தான் வந்தது. பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில், ஏற்றித்தான் வாகனத்தை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பாதைக்கு இறங்கும் சரிவில் முன்பக்க வலச் சில்லு திடீரென்று வெளிப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. காரின் மூக்கு மண்ணில் குத்தி நின்றது. நடை வேகத்தில் போனதால் தப்பினோம். பாதைக்காரர்களும் மீன் கூடையோடு நின்றவர்களும் சேர்ந்து காரைத் தூக்கி ஓரம் கட்டினார்கள். பஸ் சாரதியிடம் சொல்லியனுப்ப, பின்னேரம் டொக்யார்ட் ஐயா சாக்குப் பையில் சாமான்களோடு வந்து இறங்கினார். கழற்றிய துண்டை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். மரை முழுவதும் தேய்ந்து மொட்டையாகியிருந்தது.

“மாஸ்டர், இது உடையவில்லை. பட்டினி கிடந்து செத்திருக்கிறது” என்றார்.

அப்பா பாடசாலையில் எத்தனையோ பேரைக் கண்டித்தவர். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் துண்டின் பெயர் ட்ரனியன். மைனரின் முன்சில்லைத் தாங்கும் தண்டின் மேலும் கீழும் மரை வெட்டிய ட்ரனியன்கள் இருக்கின்றன. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சில்லு திரும்புகிறது. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேயும். தேய்ந்தால் ஒருநாள் கீழ் ட்ரனியன் கழன்றுவரும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் 1000 மைலுக்கு ஒருமுறை இதற்குக் கிறீஸ் அடியுங்கள் என்பது ஐயாவின் கட்டளை. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரையின் திசை வேறு. புதிதாக வாங்கினால் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது இடம், பிரதான வீதியின் சந்து ஒன்றில் ஆள் அகலமே உள்ள ஒரு கடை. கிண்ணியாவைச் சேர்ந்த நானா ஒருவர் அங்கே டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாம் சுற்றிக்கொடுப்பார். எரிந்த கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணியபடி அவிழ்ப்பார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. அதே எண்ணிக்கையில் புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி வார்னிஷில் தோய்த்து எடுப்பார். வார்னிஷ் இறுகச் சூடு வேண்டும். அதற்கு இரவு பாண் சுட்டு முடிந்த பிறகு பக்கத்துப் பேக்கரியின் போறணைக்குள், சூடு இறங்கும் நேரத்தில் வைத்து, விடியலில் எடுப்பார். அவர் கட்டிய டைனமோ இருபத்தேழு வருடங்கள் ஓடியது.

மூன்றாவது, அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கடைசல் பட்டறை. பாஸ் தெற்கிலிருந்து வந்த சிங்களவர். தமிழ் சில சொற்கள்தான் தெரியும். டொக்யார்ட் ஐயா சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் கீறி அனுப்பும் படத்தைப் பார்த்தே புஷ் (தண்டு சுழலும் உலோக உறை) கடைந்து தந்துவிடுவார்.

இந்தக் கைகளுக்கு இவ்வளவு வேலை இருந்ததற்குக் காரணம் உண்டு. 1960களிலும் 70களிலும் நாட்டுக்குள் புதுக் கார் வருவது மிகவும் அரிது. இருந்த மொறிஸையும் ஒஸ்டினையும் பேஜோவையும் சாகவிடாமல் வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பான் கார்கள் வந்தன. பிறகு 1983 கலவரம். பிறகு 1990 யுத்தம். டொக்யார்ட் ஐயாவின் பிள்ளைகள் கனடாவுக்குப் போனார்கள். அவர் போக மறுத்து இங்கேயே கண்ணை மூடினார். வேப்பமரம் நின்ற இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். சந்திப் பட்டறையின் பாஸ் ஒரு கலவரத்துக்குப் பிறகு ஊரோடு போய்விட்டார். அந்தக் கடைசல் இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். நானா வயதானதும் கடையைக் கிண்ணியாவுக்கு, கடற்கரைப் பக்கம் மாற்றியிருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அதை எடுத்துக்கொண்டது. அவர் உயிர் தப்பினார், செப்புக் கம்பிச் சுருள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். காரைப் பற்றிக் கேட்டார். டைனமோ இன்னும் சார்ஜ் பண்ணுகிறது என்றேன். அவர் என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் விடவில்லை.

இனி உங்கள் காருக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் ஓடிய காரை விடப் பன்னிரண்டு வருடம் நின்ற காருக்குத்தான் வைத்தியம் அதிகம். தயவுசெய்து ஆர்வத்தில் பற்றரியைப் பூட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயிலை விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். பிறகு முன்பக்கத்தால் கைப்பிடியைப் போட்டு மெல்லச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். இன்னும் ஒயில், இன்னும் ஒரு வாரம். 1990இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் கார் அப்படித்தான் ஐந்து வாரம் எடுத்தது. தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோல் பிசினாகியிருக்கும். முழுவதையும் வடித்துத் தாங்கியைக் கழுவுங்கள். சாவியைத் திருப்பியதும் பொனட்டுக்குள் எஸ்.யு. பெற்றோல் மின்பம்பு டிக் டிக் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அநேகமாக உள்ளே இருக்கும் தொடுமுனைகள் ஒட்டியிருக்கும். ஸ்பானர் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் சில நேரம் எழும்பிவிடும். அது தற்காலிகம்தான், பிறகு திறந்து சுத்தம் செய்யுங்கள்.

எஞ்சின் ஓடிவிட்டது என்று வீதிக்கு எடுக்காதீர்கள். பிரேக் முதலில். இந்தக் காரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, தரையோடு ஒட்டிய சட்டத்தின் உள்ளே இருக்கிறது. அதன் போல்ட்டைக் கழற்றப்போனால் முன்சில்லைத் தாங்கும் முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். ஒருநாள் முழுவதும் போகும், கைமுட்டி தோலுரியும், ஆனாலும் கழற்றியே தீர வேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நமது ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

நமது பகுதியில் மைனரைக் கொல்வது எஞ்சின் அல்ல, உப்பு. இந்தக் காருக்கு உடலிலிருந்து தனியான அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது. உடலும் தரையுமே காரைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, முன்தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டம், பின்பக்க வில் (ஸ்பிரிங்) தொங்கும் இடம் ஆகியவற்றைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். பூசி மறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நான் ஒருமுறை ஏமாந்தேன். கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் அடியில் ஒயிலும் கிறீஸும் கலந்து பூசுங்கள்.

இன்றைய இளம் மெக்கானிக்குகளைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அவர்களின் கையில் மில்லிமீற்றர் ஸ்பானர்தான் இருக்கிறது. நமது நட்டுகளுக்கு அங்குல ஸ்பானர் வேண்டும். பொருந்தாத ஸ்பானரால் நட்டின் மூலைகள் மழுங்கிப்போகும். ஆகவே ஸ்பானர் செட்டை நீங்களே வாங்கிக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைகிறது, இன்றைய கார்களுக்கு நேர்மாறாக. நகரத்தில் ஓரிடத்தில் ஒரு பையன் வழக்கம்போலப் பூட்டிவிட்டான். டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டி கண் முன்னாலேயே புகைந்தது. இப்போது பற்றரித் தட்டின் மேல் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உதிரிப்பாகத்துக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் காரின் 948 சிசி எஞ்சின் ஏ சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் 1951இலிருந்து 2000 வரை உற்பத்தியில் இருந்தது, மினி உட்பட. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்னும் கிடைக்கும். கிடைக்காததை இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இருந்த மைனர் நிலையம் ஒன்றுக்கு ஒரு காலத்தில் இலங்கையிலேயே தகடுகள் அடித்து அனுப்பினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தம்பியின் ஆசையை நான் தடுக்கமாட்டேன். டொக்யார்ட் ஐயாவும் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்துக்காக ஒருவருக்கு இதே எஞ்சினின் தலைப்பகுதியை (சிலிண்டர் ஹெட்) சீவி, காற்று போகும் வழிகளை அரத்தால் வழித்துக் கொடுத்தவர். அந்தப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஆனால் அவர் அந்த ஆளிடம் முதலில் கேட்டது, “எப்படி நிறுத்தப் போகிறீர்கள்?” என்றுதான். உங்கள் காரின் பிரேக் டிரம் ஏழு அங்குலம். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோதுதான் முன்பக்கத்துக்கு எட்டு அங்குலம் கொடுத்தார்கள். தம்பி முதலில் அந்த எட்டு அங்குல டிரம்மைத் தேடிப் பிடிக்கட்டும். எஞ்சினைப் பிறகு தொடலாம்.

காரைப் பார்க்க வேண்டுமென்றால் வருகிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய்துவையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சில்லின் பாரம் இறங்கிய நிலையில், ட்ரனியன்களுக்குக் கிறீஸ் அடியுங்கள். முதலில் கறுப்பாக, கட்டியாகப் பழையது வரும். நிறுத்தாதீர்கள். விளிம்பைச் சுற்றிப் புதுக் கிறீஸ் வெளியே வந்த பிறகு ஜாக்கை இறக்குங்கள்.