குடம் ஏன் கனக்கவில்லை?

கேள்வி: கையால் வரைந்து மூன்று நிமிடக் குறும்படம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அதில் கிணற்றடியில் ஒரு பாட்டி நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறார். 5 விநாடிக் காட்சி, 60 படங்கள். மூன்று முறை திருத்தி, முரட்டுக் கோட்டைச் சுத்தமான கோடாக மாற்றி வரையும் கிளீன்அப்பும் செய்துவிட்டேன். அசைவு வழுவழுவென்று இருக்கிறது, ஆனால் குடம் காலிக்குடம் மாதிரி மேலே வருகிறது. இன்னும் படங்களைக் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும், நீங்கள் வரையும் ஒவ்வொரு படமும் 2 ஃபிரேம் நிற்கும்; 5 விநாடிக்கு 120 ஃபிரேம், 60 படங்கள். உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது. படங்களைக் கூட்டினால் குடம் இன்னும் வழுக்கிக்கொண்டு மேலே போகும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை. லைட் பாக்ஸில் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் வரைபலகை) ஒவ்வொரு தாளாக வைத்து, குடத்து வாயின் நடுப்புள்ளியை மட்டும் ஒரே தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். தரையிலிருந்து இடுப்புவரை அந்தப் புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி சம தூரத்தில் நின்றால், நோய் அங்கேதான். பாரமான பொருள் அப்படிக் கிளம்பாது. ஆரம்பத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பிறகுதான் விலக வேண்டும்.

இனி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குடத்தில் 12 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். 12 கிலோ, கூடவே குடத்தின் எடை. நீங்களே தூக்குங்கள். பக்கவாட்டிலிருந்து யாராவது போனில் எடுக்கட்டும். குடம் தரையை விடுவதற்கு முன்பே உடம்பு வேலையைத் தொடங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். விரல்கள் குடத்தின் கழுத்தை இறுக்கும், மடங்கியிருந்த முழங்கை விறைத்து நேராகும், தோள் கீழே இழுபடும், குதிகால் தரையில் ஊன்றும். இவ்வளவும் நடந்தும் குடம் அசைந்திருக்காது. அந்த அசையாத நேரம்தான் பாரம். உங்கள் காட்சியில் கையும் குடமும் ஒரே படத்தில் கிளம்புகின்றன என்று நினைக்கிறேன்.

அடுத்தது தொடை. ஆயுசு முழுக்கத் தண்ணீர் சுமந்தவர் குடத்தை ஒரே வீச்சில் இடுப்புக்குக் கொண்டுபோக மாட்டார். தொடையில் ஒரு தாங்கு, ஒரு மூச்சு, பிறகு முழங்காலால் ஓர் உந்து. என்னைக் கேட்டால் இந்தக் காட்சியின் உயிர் அந்த மூச்சில்தான் இருக்கிறது. பாட்டியின் வயதும் பழக்கமும் அங்கேதான் தெரியும். இதே குடத்தைப் பத்து வயதுப் பெண் தூக்கினால் அசைவே வேறு.

உங்கள் 120 ஃபிரேம்களை நான் இப்படிப் பிரிப்பேன்: குனிய 20, பிடித்து முக்க 16, தொடைவரை 18, தொடையில் நிற்க 12, இடுப்புக்கு எறிய 8, உடம்பு சமன்பட 22, மீதி 24 நடக்க. இடுப்புக்குப் போகும் அந்த 8 ஃபிரேமுக்கு நான்கு படங்கள் போதும். முன்னால் இழுத்துப் பிடித்த மெதுவினால்தான் அந்த வேகம் எடுபடும். குடம் இடுப்பில் உட்கார்ந்ததும் இடுப்பு வெளியே தள்ளும், முதுகு எதிர்ப்பக்கம் சாயும், மறுகை விலகிப் போகும். முந்தானை இரண்டு படம் தாமதமாகவே வந்து சேரட்டும். தண்ணீர் அதற்கும் பிறகு ஒருமுறை தளும்பட்டும்.

கேமரா எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நேர் எதிரே இருந்தால் குடம் சேலைக்குள் புதைந்துவிடும். அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் ஆறேழு படங்களை, அதாவது கீ டிராயிங்குகளை, கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலிலேயே குடம் தனியாகத் தெரியவில்லை என்றால் கேமராவைப் பக்கவாட்டுக்குத் திருப்புங்கள். கிணற்றுக் கப்பிக்கால் பாட்டி தலையிலிருந்து முளைத்த மாதிரி நிற்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளீன்அப் செய்த கோட்டை அழிக்க யாருக்கும் மனசு வராது. உங்கள் மூன்று திருத்தங்களும் கோட்டுக்குள்ளேயே சுற்றியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அந்தத் தாள்களைப் பத்திரமாக ஓரமாக வையுங்கள். கீ டிராயிங்குகளை மட்டும் புதிதாக, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று முரட்டுக் கோட்டில் போடுங்கள். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் படம் எடுத்து ஓப்பன்டூன்ஸில் போடுங்கள். ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டூடியோ கிப்லி பயன்படுத்திய மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது அது, 2016 முதல் இலவசம். எந்த ஃபிரேமில் எந்தப் படம் என்று காட்டும் அதன் எக்ஸ்-ஷீட் அட்டவணையில் ஒரு படத்தை எத்தனை ஃபிரேம் நிறுத்துவது என்பதை வரையாமலே மாற்றிப் பார்க்கலாம். அந்த ஆறேழு படங்களிலேயே பாரம் தெரிந்த பிறகுதான் இடைப்படங்களுக்குப் போக வேண்டும். தொடையில் நிற்கும் 12 ஃபிரேமுக்கு ஒரே தாளை நிறுத்திவிடாதீர்கள், படம் செத்துப்போகும். அதே நிலையைக் கையால் மூன்று முறை நகல் வரைந்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

அதன் பிறகு, கதை தெரியாத ஒருவரிடம் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டி, குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். யோசிக்காமல் “இருக்கு” என்று சொன்னால் கிளீன்அப்பை ஆரம்பிக்கலாம்.