மகளைச் சிங்கள வகுப்புக்கு அனுப்புவதா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் கேள்வி ஒன்றுதான், பயம் மூன்று. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் மகள், வவுனியாவில் மூன்று மாதச் சிங்கள வகுப்பில் சேரப்போகிறேன் என்கிறாள். அதன் முடிவில் குருணாகலில் பத்து நாள் தங்கி, தமிழ் படிக்கும் சிங்களப் பிள்ளைகளோடும் முஸ்லிம் பிள்ளைகளோடும் இருக்க வேண்டுமாம். "இந்த நேரத்துக்கு இங்கிலீஷ் படித்தாலாவது பிரயோசனம் இருக்கும் சேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தது, பெண் பிள்ளையைத் தனியே அந்தப் பக்கம் அனுப்புவதா என்பது. மூன்றாவதை நீங்கள் விரித்து எழுதவில்லை. "எங்கள் குடும்பம் பட்டது உங்களுக்குத் தெரியாது" என்ற ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள்.

முதலாவது சுலபம், அதை முடித்துவிடுவோம். ஆங்கிலம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் மேசைக்கு வரும் சுயவிபரக் கோவைகளில் ஆங்கில டிப்ளோமாவும் கணினிச் சான்றிதழும் இல்லாத ஒன்றைக் காண்பது அபூர்வம். எல்லோரிடமும் இருப்பதை வைத்து யாரை யார் தெரிவுசெய்வது? வடக்கில் வளர்ந்து, சிங்களத்தில் தொலைபேசி எடுத்துக் கதைக்கக்கூடிய பிள்ளை என்றால் நேர்முகத்தில் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். வங்கி, காப்புறுதி, தாதியர் சேவை, ஹோட்டல் துறை எல்லாவற்றிலும் இதைக் கண்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் சேவை, நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் போன்ற வேலைகளுக்கோ இந்த மொழிதான் முதலீடே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் களனியிலும் மொழிபெயர்ப்புக் கற்கைகளைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற மகளின் இஸட் புள்ளி வந்ததும் அதைத் தனியாகப் பேசுவோம்.

அரசாங்க வேலைதான் உங்கள் விருப்பம் என்றால் இன்னொரு விடயம் இருக்கிறது. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேருகிறவர்கள், சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 7/2007 இலக்கச் சுற்றறிக்கை சொன்னது. பிறகு வந்த சுற்றறிக்கைகள் தரங்களையும் கால எல்லையையும் மாற்றினாலும், படிக்காமல் விடலாம் என்று எதுவும் சொல்லவில்லை. "வேலை கிடைத்த பிறகு பார்ப்போம்" என்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதில், கைக்குழந்தையோடு, சனிக்கிழமை வகுப்பில் சிங்கள அரிச்சுவடி எழுதிக்கொண்டிருப்பார்கள். பத்தொன்பது வயதில் மூன்று மாதம் மலிவு, அம்மா.

இனி இரண்டாவது. இங்கேதான் கவனம் வேண்டும். 'இன நல்லிணக்கம்' என்று பெயர் போட்ட எல்லாமே நல்லதல்ல.

பல வருடங்களுக்கு முன் நானே இருபது பிள்ளைகளை மூன்று நாள் முகாம் ஒன்றுக்கு அனுப்பினேன். யார் நடத்தியது என்பதை விட்டுவிடுவோம். மேடை, விளக்கேற்றல், சிங்களத்தில் நீண்ட உரைகள், தமிழில் ஒரு நிமிடச் சுருக்கம். சாப்பாட்டு மேசையில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், சிங்களப் பிள்ளைகள் மறு பக்கம். கடைசி நாள் கைகோத்து ஒரு படம். திரும்பும் பஸ்ஸில் ஒருத்தியிடம், சிநேகிதி கிடைத்தாளா என்று கேட்டேன். "சிரிச்சனாங்கள் சேர்" என்றாள். கதைக்க மொழி இல்லாவிட்டால் சிரிக்க மட்டும்தான் முடியும். ஒரு மொழியும் கற்பிக்காமல் நட்பு வளர்க்கப் போன அந்த முகாமைத் தெரிவுசெய்தது என் பிழை.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இரண்டு கூட்டத்தாரை ஓரிடத்தில் சேர்ப்பது மட்டும் போதாது. இரு தரப்பும் அங்கே சமமாக இருக்க வேண்டும். பொதுவான ஓர் இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், நடத்துகிற அதிகாரிகளின் முழு ஆதரவும் வேண்டும் என்றார். 2006-ல் பெட்டிகுரூ, ட்ரொப் என்ற இரு உளவியலாளர்கள் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒருவரோடு ஒருவர் பழகுவது பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது, ஆல்போர்ட்டின் நிபந்தனைகள் இருந்தால் கூடுதலாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். பழகப் பழகப் பதற்றம் குறைகிறது என்பதையும் அவர்களே அடுத்து வந்த ஆய்வில் காட்டினார்கள்.

பிரான்சும் ஜெர்மனியும் 1963-ல் சேர்ந்து ஓர் இளைஞர் அலுவலகம் தொடங்கின. இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. இதுவரை 90 இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் அதன் நிகழ்ச்சிகளில் பங்கெடுத்திருக்கிறார்கள். அவர்களின் மொழி வகுப்புகளில் எனக்குப் பிடித்தது இணைக் கற்றல். ஒரு பிரெஞ்சுப் பிள்ளை, ஒரு ஜெர்மன் பிள்ளை, இருவரும் சோடி. முதல் பாதியில் இவள் ஆசிரியை, மறு பாதியில் அவள். ஆல்போர்ட் சொன்ன சமத்துவம் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, மேடையில் யாரும் அறிவிக்கத் தேவையில்லை. உங்கள் மகளின் மொழியில் தடுமாறி, பிழை விட்டு, தானும் சிரித்து, அவளையும் சிரிக்கவைக்கிற ஒருத்தி எதிரே இருந்தால், மகளுக்குச் சிங்களத்தில் பிழைவிட வெட்கம் வராது.

ஆகவே நடத்துகிறவர்களிடம் நேரே கேளுங்கள். சிங்களப் பிள்ளைகளும் இதே மூன்று மாதம் தமிழ் படிக்கிறார்களா, அல்லது நம்முடைய பிள்ளைகள் மட்டும்தான் மற்ற மொழியைப் படிக்கிறார்களா? குருணாகலில் பிள்ளைகள் என்ன வேலை செய்வார்கள்? உரை கேட்பார்கள் என்றால் வேண்டாம். ஒரு நாடகமோ, சிறு சஞ்சிகையோ, சமையலோ சேர்ந்து செய்வார்கள் என்றால் நல்லது. பத்து நாளுக்குப் பிறகு தொடர்பு எப்படி? மறு வருடம் அவர்கள் வவுனியாவுக்கு வருவார்களா? பெண்களுக்குத் தனி விடுதியும் இரவில் பொறுப்பான பெண் ஒருவரும் இருக்கிறார்களா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். போன முறை பிள்ளையை அனுப்பிய ஒரு தாயின் இலக்கத்தையும் வாங்குங்கள். இலக்கம் தரத் தயங்கினால் அதுவே பதில்.

இன்னொன்றும் கேளுங்கள். சில இடங்களில் 'உன் கதையைச் சொல்' என்று பிள்ளைகளை வட்டமாக இருத்திப் போர் பற்றிப் பேசவைப்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஓர் இனத்தின் பிரதிநிதியாக அங்கே போகவில்லை. விரும்பாததைச் சொல்லாமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று கேளுங்கள். மகளிடமும் சொல்லிவையுங்கள்.

மொழியைப் பற்றி மகளுக்கு ஒரு செய்தி. முதல் மாதம் சிங்களம் உற்சாகமாகப் போகும். வசன ஒழுங்கு தமிழைப் போலத்தான், வினை கடைசியில். பேச்சில் ஆளுக்கேற்ப வினை மாறாது: நான் போனாலும் அவள் போனாலும் 'யனவா'தான். மேசை, அலுமாரி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கீசர் இரண்டு வீட்டிலும் விட்டுப்போன சாமான்கள், அங்கும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். அம்மா அங்கும் அம்மா, அக்கா அங்கும் அக்கா. ஆனால் 'தாத்தா' என்றால் அங்கே அப்பா, 'ஐயா' என்றால் அண்ணன், 'மல்லி' என்றால் தம்பி. இதில் ஒரு முறையாவது மாட்டிக்கொள்வாள், அந்தச் சிரிப்பில்தான் பழக்கம் தொடங்கும். இரண்டாம் மாதம் எழுத்துச் சிங்களம் வரும். அது பேச்சிலிருந்து நம் செந்தமிழ் விலகி நிற்பது போல விலகி நிற்கும், பலர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். சான்றிதழுக்காக மட்டும் வந்தவர்கள் முதலில் போவார்கள். வட்ஸ்அப்பில் பதில் அனுப்ப ஒருத்தி இருக்கிறவர்கள் தொடர்வார்கள். இதைத்தான் நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

மூன்றாவதற்கு வருகிறேன். உங்கள் குடும்பம் பட்டது எனக்குத் தெரியாது, உண்மைதான். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து, தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களம் சித்தியடைய வேண்டும் என்றானபோது அவர் பரீட்சைக்கு இருக்கவில்லை. சம்பள ஏற்றம் நின்றது. வயதாகும் முன்பே ஓய்வெடுத்தார். சிங்கள எழுத்துள்ள தாள் ஒன்று வீட்டுக்கு வந்தால் மடித்து ஓரத்தில் வைப்பார். நான் சிங்களம் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முப்பது வயது, அவருக்குச் சொல்லாமல்தான் படித்தேன்.

அப்போது இருந்ததுக்கும் இப்போது இருப்பதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 1987-ன் 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. நான் மேலே சொன்ன சுற்றறிக்கை சிங்கள உத்தியோகத்தரையும் தமிழ் படிக்கச் சொல்கிறது. நடைமுறை அந்த அளவுக்கு வரவில்லை. தமிழில் கடிதம் போட்டால் சிங்களத்தில் பதில் வருகிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன, எனக்கே வந்திருக்கிறது. அதனால் உங்கள் கோபம் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டே மகளை அனுப்பலாம் என்றுதான் சொல்கிறேன். அவள் அங்கே எதையும் மறந்துவிட்டு வர வேண்டியதில்லை. அந்தப் பதிலைத் தானே வாசித்து, அதே சிங்களத்தில் "எனக்குத் தமிழில் அனுப்புங்கள்" என்று எழுதக்கூடியவளாக வந்தால் போதும்.

வகுப்பின் முதல் சனிக்கிழமை பெற்றோரும் இருக்கலாம் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். வந்து பின் வாங்கில் இருங்கள், ஆசிரியரைப் பாருங்கள், மேலே எழுதிய கேள்விகளைக் கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். திருப்தி என்றால் விண்ணப்பத்தையும் மகளின் அடையாள அட்டைப் பிரதியையும் என்னிடம் தாருங்கள். பெற்றோர் கையொப்பமிடும் இடம் இரண்டாம் பக்கத்தில் கீழே இருக்கிறது. படிவம் மூன்று மொழியிலும் இருக்கிறது, தமிழ்ப் பகுதியை நிரப்பினால் சரி.