மலையில் எதிர்பாராமல் இருட்டிவிட்டால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் ஜனவரியில் மூணாறு பக்கம் மலையேற்றம் செல்கிறோம். மாலைக்குள் இறங்கிவிடும் திட்டம்தான். சுமையைக் குறைக்க ஸ்வெட்டர்களை அறையிலேயே வைத்துவிட்டு, ஆளுக்கொரு அலுமினியத் தாள் போர்வை மட்டும் எடுத்துச் செல்லலாம் என்கிறார் எங்களில் ஒருவர். விண்வெளிக்காக நாசா உருவாக்கிய பொருள் என்பதால் அது போதும் என்பது அவர் வாதம். சரிதானா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. 1960-களில் நாசாவின் தேவைக்காக உருவான பொருள் என்பது உண்மைதான். மிக மெல்லிய பாலியஸ்டர் படலத்தின்மேல் அலுமினியத்தைப் படியவைத்துச் செய்யப்படும் அந்தப் போர்வை ஐம்பது, அறுபது கிராம்தான் இருக்கும். உடலிலிருந்து கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பத்தின் பெரும்பகுதியைத் திருப்பியும் அனுப்பும். ஆனால் மலையில் நம் சூட்டைப் பறிப்பவற்றில் கதிர்வீச்சு ஒன்று மட்டுமே. வீசும் காற்று, நனைந்த துணியிலிருந்து ஆவியாகும் ஈரம், உட்கார்ந்திருக்கும் குளிர்ந்த பாறை ஆகிய மூன்றும் அதைவிட விரைவாக வேலை செய்துவிடும். ஃபிளாஸ்கின் வெள்ளிப் பூச்சு பயன் தருவதற்குக் காரணம், அதன் இரு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதுதான். அதுபோல இந்தத் தாளுக்கும் உடலுக்கும் நடுவே காற்றைப் பிடித்துவைக்கும் ஸ்வெட்டர் போன்ற ஓர் அடுக்கு இருந்தால்தான் அது பயன்படும். நண்பர் விட்டுவிட்டு வரச் சொல்வது அந்த அடுக்கைத்தான்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டப் போட்டியில் ஆலங்கட்டியும் உறைமழையும் பலத்த காற்றும் சேர்ந்து வந்து 21 ஓட்டக்காரர்கள் உயிரிழந்தனர். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும் மட்டுமே அணிந்திருந்தனர். காற்றைத் தடுக்கும் மேலுடை அந்தப் போட்டியில் கட்டாயமாக்கப்படவில்லை. அவர்களிடம் இருந்த அலுமினியத் தாள் போர்வைகளைக் காற்று கிழித்தெறிந்துவிட்டது. ஆறு பேரைக் காப்பாற்றியவர் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். தாம் ஒதுங்கியிருந்த குகை வீட்டுக்குள் அவர்களைச் சேர்த்து, தீ மூட்டி, கெட்டியான போர்வைகளைப் போர்த்தினார். காற்று புகாத இடமும் ஈரமில்லாத கனத்த துணியும் செய்ததை அந்தப் பளபளப்புத் தாளால் செய்ய முடியவில்லை.

உங்கள் பயணத்துக்கு வருவோம். மூணாறு நகரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அருகிலுள்ள மீசைப்புலிமலையின் உச்சி 2,640 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், ஊரில் உணரும் குளிரைவிட உச்சியில் ஏழு டிகிரி அளவுக்குக் கூடுதலாக எதிர்பார்க்கலாம். ஜனவரியில் மூணாறிலேயே சில அதிகாலைகளில் உறைபனி படிகிறது. ஒருவருக்குக் கால் பிசகினால் போதும், மாலைக்குள் இறங்கும் திட்டம் இரவுத் தங்கலாக மாறிவிடும். எனவே ஆளுக்கொரு கம்பளி அல்லது ஃப்ளீஸ் ஸ்வெட்டரைப் பாலிதீன் பையில் கட்டி, நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் அணிய, தலையை மூடும் தொப்பி வைத்த மழைக்கோட்டு வேண்டும். மங்கி குல்லாவை யாராவது கேலி செய்தால் செய்யட்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் எளிதில் காயாமல் காலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். தாள் போர்வையை வாங்கத்தான் வேண்டுமென்றால், விரிப்பு வடிவில் உள்ளதை விட்டுவிட்டு, ஆள் முழுதாக உள்ளே நுழைந்துகொள்ளக்கூடிய பை வடிவில் கிடைப்பதை வாங்குங்கள். காற்றில் அதைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் டிசம்பரில் உத்தரகண்டுக்குப் பனிமலை ஏறச் செல்கிறான். 'மைனஸ் 10' என்று அச்சிட்ட ஸ்லீப்பிங் பேக் வாங்கியிருக்கிறோம். நம்பலாமா?
- வாசகி, சென்னை

பதில்: அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள் அம்மா. ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலைப்படி சோதித்த பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என மூன்று அளவுகள் தனித்தனியாக இருக்கும். நிம்மதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை முதலாவது. உடலைக் குறுக்கிக்கொண்டு ஒருவாறு உறங்கிவிடலாம் என்பது இரண்டாவது. மூன்றாவது, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்ற எச்சரிக்கை. அதையே பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தரநிலையும் குறிப்பிடாமல் ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால், அதை நம்பி அனுப்பாதீர்கள். எதிர்பார்க்கும் இரவுக் குளிரைக் கம்ஃபர்ட் அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்தச் சோதனையே அடியில் மெத்தை இருப்பதாகக் கொண்டுதான் நடத்தப்படுகிறது. பையின் அடிப்பக்கத்துப் பஞ்சு உடல் எடையில் நசுங்கிவிடுவதால், தரைக் குளிரை அது தடுப்பதில்லை. கடினமான ஃபோம் மேட் ஒன்று கட்டாயம் வேண்டும். காற்றடைத்த மெத்தை ஓட்டையானால் இரவு முழுவதும் வெறுந்தரைதான். வாத்து இறகு நிரப்பிய பை எடை குறைவு, ஆனால் நனைந்தால் சுருண்டு பயனற்றுப் போகும்; செயற்கை இழைப் பை அந்த அளவுக்கு மோசமாகாது.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லிவிடுங்கள். ஏற்பாட்டாளர்களோடு போகும்போது ஸ்லீப்பிங் பேக் முகாமில் இருக்கும், அல்லது கோவேறு கழுதையின் முதுகில் இருக்கும். இடைவழியில் புயல் வந்தால் கைக்கு எட்டாது. 2024 ஜூனில், கோடைக்காலத்திலேயே, உத்தரகண்டின் சஹஸ்திர தால் பாதையில் 4,000 மீட்டருக்கு மேலே பனிப்புயலில் சிக்கிக் கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். முதுகில் மாட்டிக்கொள்ளும் சிறிய பையில் கனமான ஜாக்கெட், உலர்ந்த காலுறை, கையுறை, ஆள் நுழைந்துகொள்ளும் பை வடிவத் தாள் உறை, தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும்.

கேள்வி: டென்ட் வாங்குவதா, தார்ப்பாய் போதுமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே நடப்போம்.
- வாசகர், மதுரை

பதில்: 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் பெரும்பாலானவை பகலிலேயே ஏறி இறங்கும் பாதைகள், காட்டுக்குள் நினைத்த இடத்தில் தங்க அனுமதியும் இல்லை. ஆகவே டென்டைச் சுமக்க வேண்டாம். மூன்று மீட்டர் சதுரத்தில் மெல்லிய தார்ப்பாய் ஒன்றும், பத்து மீட்டர் நைலான் கயிறும் குழுவுக்குப் போதும். இரு மரங்களுக்கு நடுவே, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் கயிற்றை இழுத்துக் கட்டி, தார்ப்பாயை அதன்மேல் போட்டு, காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தரையோடு சேர்த்துக் கல் வைத்து அழுத்துங்கள். உயர்த்திக் கட்டினால் நிற்க வசதியாக இருக்கும், சாரல் முழுவதும் உள்ளே வரும். கயிறு கோக்கும் கண்ணி கழன்றிருந்தால், ஒரு கூழாங்கல்லைத் தார்ப்பாயின் மூலையில் வைத்துச் சுருட்டி, அந்தக் குமிழின் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிடலாம். பலத்த காற்றிலும் எளிதில் நழுவாது. ஓடைக்கரையிலும், மொட்டைப் பாறை உச்சியிலும், காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியிலும் கட்டாதீர்கள். கட்ட மரமே இல்லாத புல்வெளியில் எல்லோரும் நெருங்கி அமர்ந்து, தார்ப்பாயைத் தலைக்கு மேல் போர்த்தி, ஓரங்களை அவரவர் உட்காரும் இடத்துக்கு அடியில் செருகிக்கொண்டால் மூச்சுச் சூட்டிலேயே உள்ளே கதகதப்பாகும். மூச்சு முட்டாமலிருக்க ஓரிடத்தில் மட்டும் சிறிது திறந்துவையுங்கள்.

கேள்வி: குளிருக்கு ஒரு வாய் பிராந்தி நல்லதா? டென்டுக்குள் கரி அடுப்பு வைக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டுமே கூடாது. மது தோலடி இரத்தக் குழாய்களை விரியச்செய்வதால் சூடு ஏறியதுபோலத் தோன்றும். உண்மையில் உட்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். கரி அடுப்பின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மலை ஊர்களில் மூடிய அறையில் கரித் தணலோடு உறங்கியவர்கள் விடியலில் எழாத செய்தியை நாளிதழ்களில் நீங்களே படித்திருப்பீர்கள்.

கேள்வி: உடன் வந்தவர் நடுங்கத் தொடங்கினால் முதலில் என்ன செய்வது?
- வாசகி, உதகமண்டலம்

பதில்: நடையை நிறுத்தி, காற்று படாத இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அடியில் ஃபோம் மேட் அல்லது காலி செய்த முதுகுப்பைகளை விரித்து உட்கார வைத்து, ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை அணிவித்து, பை வடிவ உறைக்குள் நுழையச் செய்யுங்கள். சுடுநீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்போடு சேர்த்தும் வைக்கலாம். தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை கூடுதலாகப் போட்ட சூடான பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்த்துவிடாதீர்கள். பேச்சு குழறுவது, சட்டைப் பித்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவது, 'என்னை விட்டுவிடுங்கள், தூங்குகிறேன்' என்று சலித்துக்கொள்வது ஆகியவை உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டதன் அடையாளங்களாக இருக்கலாம். சூடேறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். நடுங்கும் வலுவையும் உடல் இழந்துவிட்டது என்பதே அதன் பொருள். அந்நிலையில் அவரை எழுப்பி நடக்கவைக்காமல், படுத்த நிலையிலேயே மெதுவாகக் கையாண்டு, கைப்பேசி எடுக்கும் இடத்துக்கு இருவரை அனுப்பி 112-ஐ அழையுங்கள்.