எட்டு மாதத்தில் நான்கு பூசை

தம்பி, "தூத்துக்குடியில் ஒரு ஞாயிறும் பூசை தவறவிட்டதில்லை. வேலைக்காகக் கொழும்பு வந்து எட்டு மாதத்தில் நான்கு முறைதான் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போயிருக்கிறேன். ஊரோடு விசுவாசமும் போய்விடுமா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான்கு பூசை மோசமில்லை. 1997இல் கல்யாணமாகி இங்கே வந்த நான், முதல் வருடம் கோவில் வாசலையே மிதிக்கவில்லை. பெரிய சந்தேகமெல்லாம் இல்லை, வெட்கம்தான். பக்கத்துக் கோவிலில் நேரத்துக்குத் தோதான பூசை சிங்களத்தில் இருந்தது. ஊமை போல நிற்பானேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். கடைசியில் மாமியார் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் மணி அடித்ததும் முழங்கால் தானாக மடிந்தது. இப்போது குருவானவர் அப்பத்தை உயர்த்துவார், இப்போது கிண்ணத்தை, அடுத்து பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றும் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அன்று அழுதேன். மாமியார் ஊர் நினைப்பு என்று எண்ணிக்கொண்டார்.

ஊரில் இருப்பதுதான் மாறாதது என்றும் நினைக்காதீர்கள். என் பாட்டி பாதி வாழ்நாள் இலத்தீன் பூசை கண்டவர். வீட்டில் "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்றுதான் சொல்வார். எனக்குப் பள்ளியில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று கற்றுக்கொடுத்தார்கள். இரவுச் செபத்தில் இருவரும் இரண்டு தமிழில் தொடங்கி, 'ஆமென்' சொல்லும்போதுதான் ஒன்றுசேர்வோம்.

இந்தத் தீவின் கதை இன்னும் கடினமானது. 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது வருடம். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். எனக்கென்னவோ அவரைவிட, அந்த முப்பது வருடம் பூசையில்லாமல் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த அம்மாக்களைத்தான் பார்க்க ஆசை.

2019 உயிர்த்த ஞாயிறைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தயங்கியிருப்பீர்கள். அன்று நான் வேறு கோவிலில் இருந்தேன். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்த செய்தி வந்தது, பிறகு நீர்கொழும்பு, மட்டக்களப்பு. அடுத்த ஞாயிறு கோவில்கள் மூடியிருந்தன; தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பூசை கண்டோம். விசுவாசம் உறுதிப்பட்டது என்று அழகாகச் சொல்ல எனக்கு வராது. செபிக்க வாய் திறந்தால் கோபம்தான் வந்தது. பல வாரம் செபமாலையை எண்ணினேனே தவிர, சொல்லவில்லை.

ஜூன் 12ஆம் தேதி, அந்தோனியார் திருநாளுக்கு முந்திய நாள், கொச்சிக்கடைக் கோவிலை மறுபடி திறந்தார்கள். அடுத்த செவ்வாய் போனேன். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு சிங்கள அம்மா; பௌத்தர், பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போய்விட்டு வந்தவர். என் மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது. தன்னுடையதைச் சாய்த்துப் பற்றவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அன்றுதான் மறுபடி வாய்விட்டுச் செபித்தேன், பாட்டியின் தமிழில்.

நீங்களும் கொச்சிக்கடைக் கோவிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். வெள்ளவத்தையில் இருப்பதால் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸைப் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்குங்கள். செட்டியார் தெரு வழியே, நகைக்கடைகளையும் கதிரேசன் கோவிலையும் தாண்டி நடக்கலாம். செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள், கூட்டம் நெரியும், வேலை முடிந்தே போங்கள். வாசலில் சோதனை இருந்தால் முகம் சுளிக்காமல் பையைத் திறந்து காட்டுங்கள். ஆகஸ்ட் 5 மட்டும் தனியாக இருக்க வேண்டாம். பனிமய மாதா திருவிழா நாளில் தூத்துக்குடிக்காரர் யாருக்கும் இங்கே மனம் நிலைகொள்ளாது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.

அம்மா தொலைபேசியில் கேட்டால் நான்கு என்றே சொல்லுங்கள். என் அம்மாவிடம் நான் ஐம்பத்திரண்டு என்று சொல்லிவிட்டு, பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.