அணைக்கரையில் வில்லா வாங்கட்டுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 59. சென்னை அம்பத்தூரில் இருக்கிறோம். பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், அடுத்த வருடம் ஓய்வு. கணவருக்கு 62. கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. அவர் அருமனைக்காரர், 22 வயதில் ஊரை விட்டு வந்தவர். எனக்குச் சொந்த ஊர் ஆரணி. கன்னியாகுமரி மாவட்டம் எனக்குக் கல்யாணத்துக்கும் துஷ்டிக்கும் வந்து போன ஊர்தான். நவம்பரில் போனபோது சிற்றாறு அணைப் பக்கம் தண்ணீரைப் பார்த்தபடி ரிசார்ட் மாதிரி கட்டியிருக்கும் 24 வில்லாக்களைக் காட்டினார்கள். விலை 62 லட்சம், மாதப் பராமரிப்பு 9,000 ரூபாய். பொங்கலுக்குள் 20 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். அம்பத்தூர் ஃப்ளாட்டை விற்று அதை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகன் பெங்களூரில், மகள் டொராண்டோவில். வேண்டாம் என்று சொன்னால், அவர் ஊரே எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறார். நான் சுயநலக்காரியா, அக்கா? — வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரிக்கு, வாங்க வேண்டாம். அம்பத்தூர் ஃப்ளாட்டையும் இப்போது விற்க வேண்டாம். ஆனால் உங்கள் கணவரை ஊருக்குக் கூட்டி வாருங்கள். ஊருக்குத் திரும்புவதும் அந்த வில்லாவை வாங்குவதும் ஒன்று என்று அவர் மனதில் கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துக் காட்டத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் பார்த்தது நவம்பரில். இரண்டு மழையும் பெய்து, அணை நிறைந்து, ரப்பர் மரமெல்லாம் கரும்பச்சையாக நிற்கும் மாதம் அது. அந்த அழகில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் பார்த்தது ஏரி இல்லை, பாசன அணை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு எல்லாம் சேர்ந்ததுதான் கோதையாறு பாசனம். 1906-இல் பேச்சிப்பாறையைக் கட்டி முடித்ததே கீழே நெல் விளையத்தான். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. சிற்றாறு அணைகளோ 18 அடிதான். அவ்வளவு ஆழமில்லாத அணையில் நாலைந்து அடி இறங்கினாலே தண்ணீர் கரையை விட்டு வெகுதூரம் உள்ளே போய்விடும். ஜூனில் கன்னிப்பூ என்ற முதல் நெல் பருவத்துக்குத் திறப்பார்கள், அப்புறம் இரண்டாம் பருவமான கும்பப்பூவுக்கு. ஏப்ரல், மே மாதங்களில் வந்து பாருங்கள். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார நினைத்த இடத்துக்கு முன்னால் வெடித்த சேறும், மாடு மேயும் புல்லும்தான் இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் 62 லட்சத்தில் பெரும்பங்கு அந்தக் காட்சிக்காகக் கொடுப்பது. அந்தக் காட்சி வருடத்தில் எத்தனை மாதம் என்பதை வயல் தீர்மானிக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அடுத்து மழை. நம் தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு ஒரு மழைக்காலம்தான் கணக்கு. இங்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மலையோரத்தில் ஜூன் மாதத் துணி நாலு நாள் ஆனாலும் காயாது. பீரோவுக்குள் பூஞ்சை வரும். முட்டு வலி இருக்கிறவர்களுக்கு அது இன்னும் தெரியும். ரப்பர் தோட்டம் சூழ்ந்த இடம் என்றால் கொசுவையும் சேர்த்து நினைக்க வேண்டும். பால் வெட்டாத நாட்களில் மரத்தில் மாட்டிய சிரட்டையை (கொட்டாங்கச்சியை) கவிழ்த்து வைக்காவிட்டால், ஒவ்வொரு சிரட்டையும் டெங்குக் கொசுவுக்கு ஒரு தொட்டி. 2023-இல் சிற்றாறு பக்கத்து ரப்பர் தோட்டக் குடியிருப்புகளில் ஆடுமாடுகளை ஒரு புலி அடித்து, வனத்துறை ஆட்கள் இராப்பகலாய் அலைந்ததும் உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதையெல்லாம் பழக்கத்தால் சமாளிக்கிறார்கள். 60 வயதில் ஆரணிப் பெண் ஒருத்திக்கு அந்தப் பழக்கம் வர எத்தனை வருடம் ஆகும் என்று அவர் யோசித்தாரா?

இப்போது என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மூத்த அண்ணனும் மைனியும் மும்பையில் முப்பது வருடம் இருந்துவிட்டு, 2015-இல் மலையோரத்தில் ஓர் அணைக்குப் பக்கத்தில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். உங்கள் வில்லா மாதிரியே ஒரு வளாகம், பதினாறு வீடு. இரண்டு வருடம் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களோடு நின்று பேசுவார். பலாப்பழம் வெட்டினால் நாகர்கோவிலுக்கு என் வீட்டுக்கு ஒரு பங்கு வரும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. ரப்பர் மரம் காற்றுக்கு நிற்காது, இடையோடு முறிந்து விழும். அவர்கள் வளாகத்துக்குப் போகும் ஒரே ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்குள் நாற்பது மரத்துக்கு மேல் விழுந்து கிடந்தது. பதினோரு நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, போனில் சார்ஜ் இல்லை. மூன்றாம் நாள் என் மகன் பைக்கைப் பாதி வழியில் போட்டுவிட்டு மரங்களின் மேல் ஏறி நடந்து போய்த்தான் அவர்கள் உயிரோடு இருப்பதை எங்களுக்குச் சொன்னான். அன்றைக்கு அந்தப் பதினாறு வீட்டில் ஆள் இருந்தது மூன்றில்தான். மற்றவை சனி, ஞாயிறு வீடுகள்.

2019-இல் அண்ணன் போய்விட்டார். மைனிக்கும் கார் ஓட்டத் தெரியாது. பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர், அதுவும் ஏற்றம். ஒரு செவ்வாய்க்கிழமை அடுக்களையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அடுத்த வீட்டில் ஆள் இல்லை, அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. மறுநாள் காலையில் பால்காரர் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தூக்கினார்கள். ஓர் இரவு முழுவதும் அவர் தரையில் கிடந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. நான் அடுத்த நாள் பேசலாம் என்று விட்ட இரவு அது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் "கார் ஓட்டத் தெரியாது" என்ற வரியில் நின்றுவிட்டேன். இருவரும் நடமாடும்போது அந்த வில்லா எப்படி இருக்கும் என்று உங்கள் கணவர் பார்க்கிறார். ஒருவர் மட்டும் மிஞ்சும்போது எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவிதான். தான் இல்லாத அந்த வீட்டில் நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருப்பீர்கள் என்று அவர் ஒருமுறை கண்ணை மூடி நினைத்துப் பார்க்கட்டும்.

ரிசார்ட் என்பது வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்காகக் கட்டுவது. வயதான காலத்துக்குத் தேவை, போகாமல் இருக்கிறவர்கள். ஆகவே விற்கிறவர்களிடம் நீச்சல் குளம் பற்றிக் கேட்காதீர்கள். 24 வீட்டில் வருடம் முழுக்க ஆள் இருப்பது எத்தனை, எத்தனை வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேளுங்கள். வாட்ச்மேனிடம் தனியாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். பாதிக்கு மேல் வாடகைக்குப் போகிறது என்றால், உங்களுக்கு அண்டை வீட்டார் கிடைக்க மாட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி பாட்டுச் சத்தம் கிடைக்கும்.

ஸ்டென்ட் விஷயத்துக்கு வருகிறேன். குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிபள்ளத்தில், நாகர்கோவிலை ஒட்டி. பெரிய இதய சிகிச்சை என்றால் இந்தப் பக்கத்து மக்கள் பலரும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். வரைபடத்தில் கிலோமீட்டர் பார்த்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். மழை பெய்யும் ஓர் இரவில், பதினோரு மணிக்கு மேல், அந்த வில்லா வாசலிலிருந்து ஆஞ்சியோ வசதி உள்ள ஆஸ்பத்திரி வாசல்வரை காரில் போய் மணி பாருங்கள். போகும் முன், அந்த நேரத்தில் இதய டாக்டர் அங்கே இருப்பாரா என்றும் விசாரியுங்கள். அந்த ஒரு பயணம் உங்கள் கணவருக்கு என் கடிதத்தை விடத் தெளிவாகச் சொல்லும்.

பண விஷயம். 62 லட்சத்துக்கு 20 லட்சம் முன்பணம் என்பது மூன்றில் ஒரு பங்கு. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது 6 லட்சத்து 20 ஆயிரம். எட்டு வீட்டுக்கு மேற்பட்ட புதுத் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள். எண் தரத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இடம் அணைக்கரையில் என்பதால் பத்திரம், பட்டா, வில்லங்கம் மட்டும் போதாது. புல வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு சர்வேயரை நிறுத்தி அளக்க வேண்டும். நீர்ப்பிடிப்பு நிலத்தில் ஒரு சென்ட் உள்ளே வந்திருந்தாலும் பிற்காலத்தில் வம்பு. இந்த மாவட்டத்து மலையோரத்தில் பல தோட்டங்கள் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அந்தப் புல எண் அதில் இருக்கிறதா என்று வனத்துறையில் எழுத்தில் கேளுங்கள். நிலம் உங்கள் பெயருக்குப் பத்திரமாகிறதா, நீண்டகாலக் குத்தகையா என்பதையும் பாருங்கள். பளபளப்பான விளம்பரப் புத்தகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பராமரிப்பு 9,000 என்கிறார்கள். வருடம் எட்டு சதவீதம் ஏறினால் ஒன்பதாவது வருட முடிவில் 18,000. அப்போது உங்களுக்கு 68, 69 வயது. உங்கள் ஓய்வூதியத்தில் அது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஃப்ளாட்டை விற்றால் வருமான வரி வந்துவிடும், உடனே வாங்கியாக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம். விற்ற பிறகு வேறு வீடு வாங்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஓர் ஆடிட்டரைக் கேட்டால் சொல்வார்.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் ஓய்வு பெற்றதும் ஃப்ளாட்டை வாடகைக்கு விடுங்கள். அந்த வாடகையில் அருமனையிலோ குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வீட்டைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் பிடியுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கும் மருந்துக் கடைக்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். அந்த ஒரு வருடத்தில் இரண்டு மழையும், ஒரு மே மாதமும் வந்துவிடும். அணை எங்கும் போகாது. உங்கள் கணவர் தினமும் விடியற்காலையில் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு, வரும் வழியில் நல்ல மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டு எட்டு மணிக்கு வீடு வரலாம். அவருடைய கூடப்பிறந்தவர்களும் சின்ன வயதுச் சிநேகிதர்களும் அணைக்கரையில் இல்லை, அருமனையில்தான் இருக்கிறார்கள். நாற்பது வருடமாக அவர் ஏங்கியது அவர்களுக்காகவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் அந்த வருடத்தில் சும்மா இருக்காதீர்கள். நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியையை இந்த மாவட்டத்தில் யாரும் அந்நியமாக வைக்க மாட்டார்கள்.

மைனி இப்போது வடசேரியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறார். எதிர்வீட்டு ஆச்சி காலையில் கோலம் போடும்போது இவர் கதவு திறக்கவில்லை என்றால் வந்து தட்டுவார். மார்கழியில் பறவைகள் வந்ததும் நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்துத் தேரூர் குளத்துக்குப் போவோம். சுசீந்திரம், தேரூர்க் குளங்களை 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கைத்தடியோடு கரையில் நின்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணனுக்குப் பிடித்த நீர்க்காகத்தைக் காட்டி என்னிடம் ஏதாவது சொல்வார்.

சுயநலக்காரியா என்று கேட்டீர்கள். இல்லை. உங்கள் கணவரின் உடம்பையும் உங்கள் கடைசிக் காலத்தையும் சேர்த்து யோசிக்கிறவர் அந்த வீட்டில் இப்போது நீங்கள் ஒருவர்தான். ஆனால் ஒன்றை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "உங்க ஊருக்கு வர நான் தயார். அந்த வீட்டுக்குத்தான் தயாரில்லை." இத்தனை நாள் இதில் இரண்டாவது பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

வில்லாக்காரர்களுக்கு இன்றைக்கே போன் செய்து, பொங்கலுக்குள் முடியாது, மே மாதம் வந்து இன்னொரு முறை பார்க்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். மே மாதம் வரும்போது நாகர்கோவிலில் இறங்கி, ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மைனியையும் வரச் சொல்கிறேன்.