டென்ஷனுக்குக் குடிக்கிறாரா, குடியால் டென்ஷனா?

செவ்வாய்ப்பேட்டையில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. டென்ஷனுக்காகத்தான் குடிக்கிறேன் என்கிறாராம். காலையில் எழுந்ததும் படபடப்பு, வியர்வை, கொலுசைப் பத்த வைக்கக் கை நிற்பதில்லை, ஒரு கட்டிங் போட்டால்தான் அடங்குகிறது. குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம்மா, கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. அவர் தெரிந்து சம்மதித்து, ஈரலையும் இதயத்தையும் பார்த்த பிறகு தொடங்க வேண்டிய மருந்து அது.

டென்ஷன் என்று அவர் சொல்வது பொய்யில்லை, நிஜமாகவே அவருக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் மது மூளையை அமுக்குகிறது, தினமும் அமுக்கினால் மூளை எதிர்த்து முறுக்கேறிக்கொள்கிறது, விடியும்போது போதை இறங்கிவிட, முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் காலைப் படபடப்பு பெரும்பாலும் குடி தந்ததுதான். குடியை விட்டு மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகும் பதற்றம் இருந்தால் அது தனி நோயாக இருக்கலாம். அதற்குச் செர்ட்ராலின் மாதிரி, பழக்கமாகாத மாத்திரைகள் இருக்கின்றன.

அதற்காக வீட்டிலேயே திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இவ்வளவு நடுக்கம் இருப்பவருக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து புத்தி தடுமாறலாம். மருத்துவமனையில் நரம்பை அமைதிப்படுத்தும் லிப்ரியம் வகை மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அதே வகை மாத்திரையை மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுத்து, அவர் மேலே குடித்தும்விட்டால் மூச்சு அடங்கிப்போகலாம்.

குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் உண்டு, வழக்கமாகத் தினம் 50 மி.கி.; டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. குடியை நிறுத்திய பின் தூக்கமில்லாமல் தவிப்பவர் மறுபடி குடிக்காமல் இருக்க நான் பெரிதும் நம்புவது அகாம்ப்ரோசேட். ஈரலுக்குச் சுமையில்லை, சிறுநீரகத்தை மட்டும் பரிசோதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பதால் பட்டறைக்கும் எடுத்துப் போக வேண்டியிருக்கும், பலர் கோட்டை விடுவது அந்த மதிய வேளையைத்தான்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். குடிக்கு என்றால் வர மறுப்பார், கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் பார்ப்போம் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. முதலில் போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.